அண்ணனுக்கு ஒரு கிராணி வேண்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன் செய்தால் எடுப்பதில்லை. புலனத்தில் அனுப்பினால் நீல டிக் விழவே ஒரு வாரம் ஆகிறது. ஆனால் என் வலைப்பதிவை மட்டும் விடாமல் படிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார். அதனால் ஊரறிய இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது மேசையைப் பார்த்தேன். அணிந்துரை கேட்டு வந்த கட்டுகள் ஏழு. சிறுகதைப் போட்டிக்கு வந்த உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. தமிழ்ப்பள்ளி விழா அழைப்பிதழின் மேல் தே தாரிக் குவளையின் வட்டம். விழா முந்தின சனிக்கிழமையே முடிந்துவிட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் நாவல். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் நிர்வாகியான துரை சுடப்பட்ட காலையில் தொடங்குமே, அதுதான். எட்டாம் அத்தியாயத்தில் நின்று மூன்று வருஷம் ஆகிறது.

ரப்பர் தோட்ட ஆபீஸில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். எவ்வளவு கெட்டிக்காரத் துரையாக இருந்தாலும் ஆட்களின் வரவைக் குறிக்கும் செக்ரோல் எழுத ஓர் ஆள் வேண்டும். உங்களுக்கும் வேண்டும்.

ஆள் இருக்கிறார். என்னோடு 22 வருஷம் வேலை பார்த்த, தங்கச்சி மாதிரி ஒரு பெண். பெயரை இங்கே போடவில்லை, அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். தோட்டம் கைமாறி ஆபீஸை மூடியதும் வீட்டோடு இருக்கிறார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு தெரியும். சரி, அது இப்போது பலருக்கும் தெரியும்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் படிக்கக் கொடுத்த முதல் மூன்று அத்தியாயங்களை அவரிடம் கொடுத்து அடிக்கச் சொன்னேன். ஒரு புள்ளிகூட மாறாமல் அடித்துத் தந்தார். கூடவே தனித்தாளில் மூன்று கேள்விகள். ‘மத்தியானம் மூன்று மணிக்கு இந்தப் பெண் ரப்பர் மரம் சீவுகிறாளே, வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடாதா?’ அவர் அம்மா இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட மர நிரைக்குப் போனவர். மகளுக்குத் தெரியாதா? அடுத்தது, ‘முதல் அத்தியாயத்தில் தண்டலுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது, மூன்றாவதில் வலது கண்ணில் இருக்கிறது.’ மூன்றாவதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். ‘1950இல் கூட்டுக்கடைக்காரர் பணத்தை ரிங்கிட் என்கிறார். தோட்டத்தில் நாம் இன்றைக்கும் வெள்ளி என்றுதானே பேசுகிறோம்?’

இத்தனையும் கண்ணில் பட்டும் எதையும் தானாகத் திருத்திவிடவில்லை, கேட்டு மட்டும் வைத்திருக்கிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. சில பதிப்பகங்களில்கூட இது கிடைப்பதில்லை, உங்களுக்கே தெரியும்.

அப்புறம் அந்த ப்ளாப்பிகள். யூனிகோட் என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன்னால் நீங்கள் அடித்துவைத்த கதைகளை இப்போது திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ குறிகள் வருகின்றன என்று புலம்பினீர்களே. கணினியில் தமிழ் அடிக்கும் முரசு மென்பொருளை முத்து நெடுமாறன் 1985இலேயே நம் மலேசியாவில் உருவாக்கிவிட்டார். நாம்தான் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்று அலைந்தோம். எழுத்து எங்கும் போய்விடவில்லை அண்ணே, எந்தக் குறியீட்டில் அடித்தது என்று கண்டுபிடித்து மாற்றினால் வந்துவிடும். எங்கள் ஆபீஸின் பழைய தமிழ்க் கடிதங்களை அப்படித்தான் மீட்டுக் கொடுத்தார். ப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘என் எழுத்தில் இன்னொருத்தர் கை பட்டால் அது என் எழுத்தா?’ என்பீர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லச் சொல்ல மாணவர்கள்தானே ஏட்டில் எழுதினார்கள்? உ.வே.சா.வும் அப்படி எழுதியவர்தான். அதனால் அவை மாணவர்களின் பாட்டாகிவிட்டனவா?

சம்பள விஷயத்தை வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். தமிழ்த்தொண்டு என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. வாரம் நான்கு காலை, நான்கு நான்கு மணி நேரம் வருவார். மணிக்கு 15 வெள்ளி என்று நான் பேசியிருக்கிறேன். அதிகமென்றால் ஏழு அணிந்துரையில் நான்கைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், மிச்சமாகும் நேரத்தில் ஈடுகட்டலாம். மனம் நோகாமல் மறுத்து எழுதுவதில் கைதேர்ந்தவர். துரைக்கு வந்த நன்கொடைக் கடிதங்களுக்கெல்லாம் இருபது வருஷம் அவர்தான் பதில் போட்டார்.

ஒரு குறையும் உண்டு, பிறகு என்னைத் திட்டக்கூடாது. முகத்துக்கு நேரே பேசுவார். ‘ஐயா, நேற்று ஒரு பக்கமும் எழுதவில்லையே’ என்று பசியாறும்போதே கேட்பார். அணிந்துரையை நீயே எழுதிவிடு என்றால் மட்டும் எழுதமாட்டார். என்னிடமும் அப்படித்தான். என் அறிக்கையை நான்தான் எழுத வேண்டியிருந்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வருகிறார். மேசையை ஒதுக்கிவைக்க வேண்டாம், கிடக்கிறபடியே கிடக்கட்டும் என்று சொல்லச் சொன்னார். ப்ளாப்பிப் பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி