அம்மா காதில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியவருக்கு

தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் தம்பிக்குத் தலையில் அடிபட்டதும் அதன் பிறகான ஓட்டமும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேற்று வீடு வந்துவிட்டான். வலது கண் பிழைத்தது.

பாலக்கோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளருக்குத்தான் முதல் நன்றி. ஓ.பி. முடிந்து பூட்டிய அறையை எங்களுக்காகத் திரும்பத் திறந்தார். அதுவரை மெட்ராஸ் ஐ என்று நம்பி சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். "பீளை இல்லை, அரிப்பு இல்லை, அப்புறம் எப்படி மெட்ராஸ் ஐ?" என்றார். வெள்ளை விழியில் ரத்தக்குழாய்கள் திருகுபோல் சுருண்டு கருவிழி ஓரம்வரை ஓடுவதைக் காட்டினார். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பின் குழிந்த பக்கத்தை மெல்ல வைத்து, மறு கண்ணைத் திறந்தபடி மூச்சை அடக்கச் சொன்னார். இமை துடித்தால் அந்தச் சத்தமே குழப்பிவிடுமாம். கேட்டு முடித்ததும் அதைக் கழற்றி அம்மா காதில் மாட்டிவிட்டார். நாடியோடு சேர்ந்து உஷ், உஷ் என்று இரைச்சல். அமாவாசை கழியட்டும் என்றிருந்த அம்மா அன்றிரவே கிளம்பச் சொன்னார்.

தலையில் அடிபட்டதில், மூளைக்குப் போகும் தமனி கண்ணுக்குப் பின்னாலுள்ள காவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குழிக்குள் கிழிந்திருக்கிறது. தமனியின் வேகத்தில் ரத்தம் கண்ணை நோக்கியே திரும்பப் பாயும். கண் பிதுங்கும், உள்நீர் வடியாமல் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது 38 காட்டியது. சொட்டு மருந்து அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், கிழிசலை அடைக்காது. விட்டால் பார்வை நரம்பு போய்விடும்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கம் மூன்றே வரி எழுதிக் கொடுத்தார்: நாடியோடு இரைச்சல், அழுத்தம் 38, சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) உடனே. போன இடமெல்லாம் அந்தச் சீட்டுதான் எங்களுக்காகப் பேசியது. இமை முழுக்க மூடாததால் இரவில் களிம்பு போட்டு, இமையை இறக்கி பேப்பர் டேப் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார். வெறும் பஞ்சை வைத்தால் கருவிழியில் உரசிப் புண்ணாகுமாம்.

108 ஓட்டுநர், ஓசூரில் பாய் விரித்துக் கொடுத்த வீட்டார், தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி பிளாட்டினச் சுருளால் கிழிசலை அடைத்த பெங்களூர் மருத்துவர்கள், மாட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், எங்கள் தக்காளியைப் பறித்து மண்டிக்கு ஏற்றியவர்கள், கைமாற்றுக் கொடுத்துவிட்டு இன்னும் கேட்காதவர்கள், எல்லோருக்கும் நன்றி.

மயக்கம் தெளிந்ததுமே இரைச்சல் நின்றுவிட்டதாகச் சொன்னான். சிவப்பு வடியச் சில வாரமாகும். வலப்பக்கம் பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிவது சரியாக மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை அவன் எவ்வளவு கெஞ்சினாலும் யாரும் வண்டிச் சாவி கொடுக்காதீர்கள்.