இடது கையால் நீ எழுதிய கடிதம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உறையின் மேலிருந்த எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பையன் எழுதியது என்று நினைத்துவிட்டேன். பிரித்த பிறகுதான் உன் வலது மணிக்கட்டு முறிந்த செய்தி தெரிந்தது. வலி குறைந்திருக்கிறதா? மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை வண்டியைத் தொடாதே.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாய். எனக்கோ உடனே அகட்சுகா ஃபுஜியோ ஞாபகம் வந்துவிட்டது. ஜப்பானில் நகைச்சுவை ‘மாங்கா’வின், அதாவது அந்த ஊர்ப் படக்கதையின், அரசன் என்று அவரைச் சொல்வார்கள். 1967-இல் தொடங்கிய அவருடைய ‘தென்சாய் பகாபோன்’ தொடரில், வலது கையில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி ஓர் அத்தியாயத்தை இடது கையால் வரைந்தார். கோடெல்லாம் நடுங்கும். முகங்கள் பிசகியிருக்கும். அதை அப்படியே வார இதழில் அச்சடித்தார்கள்! இன்னொரு முறை, ஆட்களை நிஜ அளவில் வரைகிறேன் என்று பக்கம் கொள்ளாமல் ஒரே முகத்தை வரைந்து வைத்தார். கொஞ்ச நாள் தன் பெயரையே ‘யமடா இச்சிரோ’ என்று மாற்றிக்கொண்டார். அங்கே தெருவுக்கு ஒருவர் இருக்கக்கூடிய பெயர் அது. கட்டத்துக்குள் சிரிக்க வைப்பவர்கள் நிறையப் பேர். காகிதத்தையும் கையையும் பெயரையும்கூடச் சிரிப்பாக்கியவர் இவர்.

ஆனால் பிள்ளைப்பருவத்தில் அவர் பட்டது கொஞ்சமல்ல. 1935-இல், அப்போது ஜப்பான் பிடியிலிருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் பிறந்தார். அப்பா அங்கே போலீஸ்காரர். போரில் ஜப்பான் தோற்றதும் அப்பாவைச் சைபீரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1946-இல் அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே குட்டித் தங்கை இறந்துபோனாள். பிறகு அகட்சுகாவுக்கு நீகாட்டா என்ற ஊரில் ஒரு கடையில் விளம்பரப் பலகை எழுதும் வேலை. 1962-இல் ஒரே அச்சில் வார்த்த ஆறு சகோதரர்களை வைத்து ‘ஒசோமட்சு-குன்’ தொடங்கிய பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. அதில் வரும் துருத்திய பல்காரன் இயாமி, ‘ஷே!’ என்று கத்தி ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்து ஒற்றைக் காலில் நிற்பான். நாடே அப்படி நின்றது. 1965-இல் வந்த படத்தில் காட்ஜில்லாவும் நின்றது.

‘தென்சாய் பகாபோன்’ தொடரில் வரும் சிறுவன் பகாபோனின் அப்பா அடிக்கடி சொல்வது, ‘கொரே தே ஈ நோ தா’. இப்படியே இருக்கட்டும், இதுவே சரி என்று வைத்துக்கொள். தங்கையைப் பறிகொடுத்த பையன் வளர்ந்து எழுதிய வசனம் என்பதால் எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது.

2008-இல் அவர் இறந்தபோது, அவர் கண்டெடுத்து வளர்த்துவிட்ட நகைச்சுவைக் கலைஞர் தமோரி இரங்கலுரை வாசித்தார். ‘நானும் உங்கள் படைப்புகளில் ஒன்று’ என்று முடித்தார். கையில் பிடித்து வாசித்த காகிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் வெள்ளைத் தாள். நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உன் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ‘ழ’ ஒன்று வரியை விட்டுக் கீழே இறங்கிப் போயிருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கட்டைப் பிரித்த பிறகும் ஒரு தடவை இடது கையாலேயே எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு