அந்தப் புல்தரையை விட்டுவையுங்கள்: சிறு விமான தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஓடுபாதைக்குத் தார் போடும் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதன் பக்கத்தில் கிடக்கும் புல்வெளி வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும். இங்கே வாகனங்களை நிறுத்தலாம், அங்கே புதிய ஹேங்கர் (விமானக் கொட்டகை) கட்டலாம் என்று யாராவது அதில் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மையாக மாறுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். புல் போனால் பழைய சிறு விமானங்களும் அதன் பின்னாலேயே போய்விடும். பழசின் மேலுள்ள ஆசையால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அவை செய்யப்பட்ட விதமே அப்படி.

டைகர் மாத்தை எடுத்துக்கொள்வோம். 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த இரட்டை இறக்கை விமானம் அது. 8,000-க்கும் மேல் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எத்தனையோ விமானிகள் முதல் பாடம் படித்தது அதில்தான். அதன் அசல் வடிவத்தில் பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் சக்கரமும் இல்லை, ஒரு சறுக்குக் கட்டை மட்டுமே உண்டு. இறங்கியதும் அந்தக் கட்டை புல்லைக் கீறிக்கொண்டு இழுபடும். வண்டி நிற்பது அதனால்தான். தார்ப் பாதையில் அதற்குக் கீற மண் ஏது? உரசித் தேய்வதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாலை இழுத்துக்கொண்டு ஓடும் விமானங்களில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். பக்கக் காற்றில் மூக்கு கொஞ்சம் திரும்பிவிட்டால், பின்னாலிருக்கும் எடை முன்னால் வரப் பார்க்கும். புல்லில் சக்கரம் சற்று வழுக்கி அந்தப் பிழையை மன்னித்துவிடும். தாரிலோ டயர் தரையை இறுகப் பிடித்துக்கொள்ள, விமானம் ஒரு வட்டமடித்து இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும். விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். தொடக்க கால விமான தளங்கள் பலவும் வெறும் புல் மைதானங்களாக இருந்தது வசதிக் குறைவால் மட்டுமல்ல. நடுவில் பறக்கும் துணிக்கூம்பைப் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நேராக ஓடிக் கிளம்பலாம். பக்கக் காற்று என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இனி நினைவுகளைப் பற்றிக் கொஞ்சம். அருகிலிருந்த விமான தளத்தின் வேலிக்கு வெளியே நின்று வளர்ந்தவன் நான். அங்கு நின்ற விமானங்களில் பலவற்றுக்குச் சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை. சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதற்கென்று ஓர் உரையாடலே உண்டு. “சுவிட்ச் ஆஃப்” என்று கீழே நிற்பவர் குரல் கொடுப்பார். இருக்கையிலிருந்து அதே சொற்கள் திரும்பி வரும். எரிபொருள் உள்ளே இழுபடும்படி புரொப்பெல்லரை மெல்லச் சில சுற்றுகள் சுற்றுவார். பிறகு “காண்டாக்ட்!”, அதாவது சுவிட்சைப் போடு. அந்தச் சொல்லும் திரும்பி வந்தபின்தான் பலமாக ஓர் இழுப்பு, இழுத்த வேகத்திலேயே பின்னால் ஓர் அடி. எஞ்சின் சுழலும்போது மேக்னெட்டோ என்ற சிறு மின்னாக்கி, பேட்டரி இல்லாமல் தானே பொறியை உண்டாக்கிக்கொள்ளும். டைகர் மாத்தின் 130 குதிரைத்திறன் கொண்ட ஜிப்ஸி மேஜர் எஞ்சின், கொஞ்சம் நீலப் புகையைக் கக்கிவிட்டு, சீரான தாளத்துக்கு வந்து சேரும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்று மெக்கானிக்குகள் சிரித்தபடி சொல்வார்கள்.

பைப்பர் கப் என்ற மஞ்சள் நிறச் சிறு விமானத்தின் எரிபொருள் மானியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விமானத்தின் முன்கண்ணாடிக்கு வெளியே, விமானியின் பார்வைக்கு நேரே, தொட்டியின் மூடி வழியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடிமுனையில் ஒரு தக்கை மிதக்கும். எரிபொருள் குறையக் குறையக் கம்பி கீழே இறங்கும். அவ்வளவுதான் கருவி. இதைவிட நேர்மையான ஒன்றை இன்றைய திரைகளில் நான் பார்த்ததில்லை.

ஹேங்கருக்குள் போனால் வேறோர் உலகம். இறக்கையின் மரச்சட்டங்கள்மேல் துணியைப் போர்த்தி, மெழுகு பூசிய நூலால் ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைப்பார்கள். அதன்மேல் ‘டோப்’ பூசினால் துணி சுருங்கி மேளத்தோல்போல விறைக்கும். அதன் நெடி நகப்பூச்சை நினைவூட்டும். காரணம் இருக்கிறது: பழைய டோப், நகப்பூச்சு இரண்டிலும் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அந்தப் பக்கம் யாரும் புகைபிடிக்கத் துணிவதில்லை.

“இவற்றையெல்லாம் அருங்காட்சியகத்தில் வைக்கலாமே” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ரக விமானத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருக்கிறது என்றால் அங்கேதான் வைக்க வேண்டும். ஆனால் கூரையிலிருந்து தொங்கும் விமானத்துக்கு யாரும் புரொப்பெல்லர் சுற்றப்போவதில்லை. எங்கே நின்று, எப்படிப் பிடித்து, எப்போது விலக வேண்டும் என்பதை யாரும் அங்கே கற்றுக்கொள்ளவும் முடியாது. தவறாகச் செய்தால் கையோ உயிரோ போகக்கூடிய வேலை அது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துத்தான் வரும். தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

தார்ப் பாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூக்குச் சக்கரமுள்ள பயிற்சி விமானங்களுக்கு அது வசதி, மழைக்காலத்திலும் தளம் இயங்கும். அதற்கு இணையாக ஒரு புல் பாதையையும் விட்டுவையுங்கள் என்பதுதான் கோரிக்கை. பல தளங்களில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. டைகர் மாத்தின் இறக்கை நுனிக்கு நுனி 9 மீட்டர்கூட வராது. கப் 11 மீட்டருக்குள் அடங்கிவிடும். இவற்றுக்காக நீங்கள் பெரிய நிலப்பரப்பை இழக்க வேண்டியதில்லை. புல்லை வெட்டி, ரோலர் ஓட்டி, விலங்குகள் தோண்டும் குழிகளை மூடிவந்தால் போதும். ஈரமான நாட்களில் அந்தப் பாதையைத் தயங்காமல் மூடிவிடுங்கள். பழைய விமானம் வைத்திருப்பவர் எவரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார்.

திட்டக் கூட்டத்துக்குப் பொறியாளர்களை அழைப்பீர்கள். வால்சக்கர விமானம் ஓட்டும் ஒருவரையும் அழையுங்கள். தளத்தில் புல் வெட்டுபவரையும் கட்டாயம் அழையுங்கள்: மழை விட்டபின் எந்தப் பகுதி முதலில் காயும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். பாதையை எங்கே விடுவது என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

இப்படிக்கு,
வேலிக்கு வெளியே நிற்கும் ஒரு பார்வையாளன்