அடையாறு முகத்துவாரம்: மணலை அள்ளினால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடையாறு முகத்துவாரத்தில் மணல் அள்ளும் இயந்திரங்கள் மறுபடியும் இறங்கியிருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆற்றின் வாயைத் திறந்துவைப்பது அவசியம்தான். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அள்ளுகிறோம், சில மாதங்களில் மூடிக்கொள்கிறது, மறுபடி அள்ளுகிறோம். ஏன் மூடிக்கொள்கிறது என்பதற்கு அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. மந்தைவெளியில் 40 ஆண்டுகளாகக் குடியிருப்பவள், பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோது அந்த மணல் தடுக்கப்பட்டுத்தான் மெரினா இவ்வளவு அகலமானது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்தது. அதே மணல் அடையாற்றின் வாயையும் கடந்துதான் போகிறது. ஆற்றில் நல்ல வெள்ளம் வருவது மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டுமே. மற்ற நாட்களில் மணலை வெளியே தள்ளுவது கடலேற்றமும் வற்றமும்தான். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து, ஆற்றின் வாயை ஒட்டிய உப்புநீர்த் தாழ்நிலமான கழியெல்லாம் பரவுகிறது. சுமார் ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பி ஓடும்போது வாயில் சேர்ந்த மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. சென்னையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு சிறியது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே உள்ளே நீர் பரவ எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் வற்றத்துக்கு வலு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கழியில் ஒரு ஏக்கரை மண் கொட்டி மேடாக்கினால், நீர் அரை மீட்டர் ஏறி இறங்கும் இடமென்றால், ஒவ்வொரு ஏற்றத்திலும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் நீர் உள்ளே வராமல் போகிறது. நாளைக்கு இரண்டு முறை, ஆண்டு முழுக்க. இப்படி எத்தனை ஏக்கரை இழந்தோம் என்பதை குயிபிள் தீவைச் சுற்றிப் பார்த்தாலே ஊகிக்கலாம். பெயரில் தீவு இருக்கிறது, சுற்றிலும் இருந்த தண்ணீர் எங்கே? தெற்குக் கரையாவது இன்றும் பச்சையாக இருப்பது 1882 முதல் பிரம்மஞான சபை அங்கே இருப்பதால்தான். வடக்கே 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை மீட்டெடுத்து 2011இல் திறந்தார்கள். அது நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கழிக்குக் கடல்நீர் சாலைக்கு அடியில் நுழைந்துதான் வந்தாக வேண்டும். பாலத்தின் கண் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கழி உயிர்க்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். வழியிலிருந்த மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்துகொண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. அன்று மணல்திட்டை ஆறே அறுத்துக்கொண்டு அகலமாகப் பாய்ந்தது. அதற்குப் பிறகும் மணல் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் வெள்ளம் வடிந்தபின் வாயைக் காக்க வேண்டிய ஏற்றவற்றம் முன்போலவே மெலிந்துதான் கிடந்தது.

வாய் மூடினால் நடப்பது சாக்கடை தேங்குவது மட்டுமல்ல. கடலில் முட்டையிட்டுப் பிறக்கும் இறால் குஞ்சுகள் வளர்வதற்குக் கழிக்குள் வர வேண்டும். வாசல் அடைத்திருந்தால் எப்படி வரும்? மடவை, கொடுவா போன்ற மீன்களுக்கும் இதே கதிதான். முதல் மழையில் மேலிருந்து வரும் கழிவு ஒரேயடியாக இறங்க, உள்ளே சிக்கிய மடவைகள் மூச்சுத் திணறிச் செத்து மிதப்பதை திரு.வி.க. பாலத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, ஆற்றில் எதுவரை கடலின் ஆட்சி என்பதை உப்பை வைத்தே தீர்மானிக்கிறார்கள். மிக வறண்ட பருவத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எங்கே இருக்கிறதோ அதுவரைதான் எல்லை. வாய் மூடியிருக்கும் காலத்தில் அளந்தால் அந்த எல்லையே கடலை நோக்கிச் சுருங்கிவிடும். 2011 அறிவிக்கையில் இப்படிக் கடல்நீர் ஏறும் ஆறுகளின் கரையோரம் 100 மீட்டர் வரை என்றிருந்த பாதுகாப்பை 2019இல் 50 மீட்டராகக் குறைத்ததும் இதோடு சேர்கிறது. மணல் அடைப்பது ஆற்றை மட்டுமல்ல, ஆற்றுக்கான சட்டத்தையும்.

அள்ளிய மணலை எங்கே போடுகிறார்கள் என்பதும் முக்கியம். வாய்க்குப் பக்கத்திலேயே குவித்தால் என்ன ஆகும்? ஊரூர் குப்பத்தில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "கரை ஓரமா கொட்டிட்டுப் போறாங்கம்மா, நாலு பெரிய அலை வந்தா மறுபடி உள்ளதான் வரும்" என்றார். அதை வாய்க்கு வடக்கே, அலை அரித்து வீடுகளை விழுங்கும் சீனிவாசபுரம் பக்கம் கொண்டுபோய்ப் போட்டால், ஆற்றை மறிக்கும் மணல் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரும். அவர்கள் கரையும் கொஞ்சம் நிமிரும்.

கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாகச் சாலை போடும் யோசனை அவ்வப்போது எழுகிறது. 1967இல் இந்த முகத்துவாரத்தின் மீது கட்டிய பாலம் பத்தே ஆண்டில், 1977இல், உடைந்தது. அதன் மிச்சம் இன்றும் அங்கேயே நிற்கிறது. எந்தத் தூணை ஊன்றுவதற்கு முன்னும், எந்தக் கழியை மேடாக்க அனுமதிப்பதற்கு முன்னும், அதனால் ஒரு ஏற்றத்துக்கு எத்தனை லிட்டர் நீர் குறையும் என்பதைக் கணக்கிட்டு மக்கள் முன் வைக்க வேண்டும்.

கூடவே ஒரு சிறிய வேண்டுகோள். வாயின் அகலம், நீரின் ஏற்றம், உப்பின் அளவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் அளந்து நீர்வளத் துறை வெளியிடட்டும். பெரிய செலவில்லை. ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் தினமும் கடலைப் பார்த்து வாழும் மீனவர்களையும் அளவெடுப்பில் சேர்த்துக்கொள்ளட்டும். தங்கள் நாளிதழும் மழைக்கு முன் ஒரு முறை மட்டும் எழுதாமல், மார்ச்சிலும் ஜூனிலும் அங்கே ஒரு செய்தியாளரை அனுப்பிப் படம் எடுத்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
மந்தைவெளி, சென்னை