கீதாரியிடம் ரசீது கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டத்தில், மழையை நம்பியிருக்கும் ஒரு கண்மாயின் ஆயக்கட்டில், மூன்று ஏக்கரில் ரசாயன உரமின்றிக் கருப்புக் கவுனி என்னும் மரபு நெல்லைப் பயிரிட்டு வருகிறேன். இயற்கை விவசாயிகளுக்கான அரசு அறிவிப்பு வெளிவரும்போதெல்லாம், "உங்களுக்குத்தான் அள்ளித் தருகிறார்களாமே" என்று தெரிந்தவர்கள் விசாரிக்கிறார்கள். அந்த உதவி வயலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

2015-இல் தொடங்கிய, இயற்கை விவசாயத்துக்கான மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில், திருத்தப்பட்ட விதிகளின்படி எக்டேருக்கு மூன்றாண்டுகளில் 31,500 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் இடுபொருளுக்கென்று விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருவது 15,000 ரூபாய். அதாவது ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். தொகை சிறிது என்பதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. கடையில் வாங்குவதை விட்டொழிக்கத்தான் இந்த வழிக்கு வந்தோம். எங்களிடமே என்ன வாங்கினாய், ரசீது எங்கே என்று கேட்கப்படுகிறது.

அறுவடை முடிந்த வயலில், எருவுக்காக ஆட்டு மந்தையை இரவில் அடைத்துக் கிடை போடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். பொழுது சாயும் நேரத்தில், மந்தையை மேய்க்கும் கீதாரி ஆடுகளை ஓட்டி வந்து, வலை கட்டி அடைத்து, நாய்களோடு காவல் கிடப்பார். மறுநாள் இரவு பக்கத்து வயல் துண்டுக்குக் கிடை மாறும். புழுக்கை வெயிலில் காய்ந்து வீணாவதற்குள் உழுதுவிட வேண்டும் என்பதால் அந்த நாட்களில் எங்களுக்கும் தூக்கமிருக்காது. இரவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலியை ரொக்கமாகவும், கொஞ்சம் அரிசியாகவும் கொடுப்போம். கிடைக்கூலியைச் செலவுக் கணக்கில் எழுதிக் கொண்டுபோனபோது, ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது வேண்டும் என்றார்கள். ஊர் ஊராக ஆடு ஓட்டும் மனிதரிடம் எந்த எண்ணைக் கேட்பது? முடிவில், உயிர் உரப் புட்டிகள் வாங்கிய ரசீது ஏற்கப்பட்டது, கிடைக்கூலி நீங்கியது. அந்தப் புட்டிகளில் இரண்டு இன்னும் பிரிக்கப்படாமல் மாட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. அந்த அலுவலர் மீது எனக்குக் கோபமில்லை; அவர் கையிலிருந்த படிவத்தில் கிடைக்கென்று ஒரு வரி இல்லை.

இதைவிடச் சிக்கலானது நில ஆவணம். செட்டிநாட்டில் நிலத்துக்கு உரியவர்கள் பலர் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். பட்டாவோ பாட்டனார் பெயரில், பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவாகக் கிடக்கிறது. விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி வாரத்துக்கு உழுபவர், நில உரிமையைக் காட்டும் சிட்டாவுக்கு எங்கே போவார்? என்னுடைய மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் வாரத்து நிலம் என்பதால், திட்டத்தின் கண்ணுக்கு நான் ஓர் ஏக்கர் விவசாயி. தண்ணீரும் மடையிலிருந்து நேராக வருவதில்லை, மேல்வயல்களைக் கடந்துதான் வருகிறது. யூரியா போட்ட வயலின் நீர் என் வயலுக்குள் புகாமல் தடுக்க, ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் மூன்றாண்டுக் காலம் முழுவதும் வரப்போரத்தில் ஒரு பட்டையைச் சும்மா விட்டு வைத்திருந்தேன்.

இவ்வளவையும் தாண்டி விளைந்த நெல்லை எங்கே விற்பது? கவுனி ஐந்து மாதப் பயிர். ஆளுயரம் வளர்ந்து, கதிர் முற்றும்போது ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இருப்பவை பொது ரகம், சன்ன ரகம் என்ற இரண்டே விலைகள். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500, 2,545 ரூபாய். அங்கே கொண்டுபோனால் கவுனியும் மற்ற நெல்லோடு ஒரே அம்பாரத்தில் கலந்துவிடும். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் கவுனியரிசி இல்லாத இலை அரிது, ஆனால் அந்த அரிசிக்குக் கொடுக்கும் விலை இடையில் நிற்பவர்களுக்கே போகிறது.

தமிழக அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை, அதாவது இயற்கை விவசாயத்துக்கான கொள்கையை வெளியிட்டது. மரபு நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் பெயரிலான அரசு இயக்கத்தின் வழியாக மரபு ரக விதைகளும் மானிய விலையில் தரப்படுகின்றன. விதை கொடுப்பவர்களே விளைந்ததையும் தனி விலைக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். வாரதாரருக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றையும், ஆட்டுக்கிடை, சாணம் ஆகியவற்றுக்கு விவசாயியின் உறுதிமொழியையும் போதுமான ஆவணமாக ஏற்க வேண்டும். சித்திரையில் கீதாரி மறுபடியும் வருவார். அதற்குள் அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்கை விவசாயி,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.