சாதாரணக் காது என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கு ஸ்பீக்கர் வாங்குவோருக்காகச் சென்ற இதழில் ஒரு வழிகாட்டிக் கட்டுரை வந்திருந்தது. சின்னப் பட்டறைகளில் கையால் செய்யும் ஸ்பீக்கர்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், ஷோரூமில் கிடைக்கும் பெரிய கம்பெனி சவுண்ட்பாரே (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) போதும் என்பது அதன் சாரம். அது கட்டுரையாளரின் கருத்து, இருக்கட்டும். அதற்குச் சொன்ன காரணம்தான் மனதை அறுக்கிறது: சாதாரணக் காதுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

ஐயா, சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களில் எத்தனை பேர் முறையாகப் பாட்டுப் படித்தவர்கள்? மிருதங்கம் இம்மி சுருதி விலகினாலும் அவர்கள் முகம் சுளிப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலி ஆராய்ச்சியாளர் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து மக்களைக் கேட்கச் செய்தார். பின்னாளில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அதே முறையில் ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். பயிற்சி பெற்றவர்களிடம் தடுமாற்றம் குறைவாக இருந்தது. எது நல்லது, எது மட்டம் என்று வரிசைப்படுத்தியதில் மட்டும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. பெட்டியும் பெயரும் கண்ணில் பட்டால் தீர்ப்பு மாறுகிறது என்பதையும் இவர்களுடைய சோதனைகளே காட்டின. ஆகவே லட்ச ரூபாய் கொடுத்தால்தான் சங்கீதம் என்று நான் வாதாட வரவில்லை. வாசகரின் காதைக் குறை சொல்லாதீர்கள் என்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. கூடத்தில் டிவிக்குக் கீழே சவுண்ட்பார், உள்ளறையில் ரிச்சி தெரு பக்கம் ஒருவர் தடித்த பிளைவுட்டில் செய்து கொடுத்த எட்டு அங்குல வூஃபர் (கீழ் சுருதி ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர்) பெட்டிகள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் பதிவை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். அவருடைய ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மந்தர பஞ்சமத்துக்கு ('ப') இறங்கினால் 98. சவுண்ட்பாரில் இருக்கிற இரண்டு அங்குலக் குட்டி ஸ்பீக்கர்களால் அந்த இடத்தைச் சரியாகத் தொட முடியாது. அந்தப் பகுதியைச் சோபா மூலையில் கிடக்கும் சப்வூஃபர் என்ற தனிப் பெட்டிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாடகரின் குரல் பாதி டிவிக்கு அடியிலிருந்தும் பாதி மூலையிலிருந்தும் வருகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்கிற வழுக்கும் நாதம் இழைந்து ஏற வேண்டிய இடத்தில் ஒரே மாதிரி "தும் தும்". இது எங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனுக்கே கேட்கிறது. அவன் பாட்டும் படிக்கவில்லை, ஆராய்ச்சியும் செய்யவில்லை.

ஆழமான பாஸ் (கீழ் சுருதி ஒலி), சின்னப் பெட்டி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பதை கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டார். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஓர் அடி உயரப் பெட்டிதான். அதில் ஆழமான பாஸையும் சத்தத்தையும் விட்டுக்கொடுத்து, பேச்சுக் குரலைக் காப்பாற்றினார்கள். ரோஜர்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைச் செய்து விற்றன. எதை விட்டுக்கொடுத்தோம் என்று நேர்மையாகச் சொல்கிறவரிடம் வாங்குவதில் என்ன டாம்பீகம் இருக்கிறது?

மூன்றும் தருவதாகச் சொன்னவர்களை நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். கையடக்க டப்பாவின் மேல் "2000 வாட் பிஎம்பிஓ" (கணநேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் எண்) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலம் தங்களுக்கு மறந்திருக்காது. அந்த வாட்டை எப்படி அளப்பது என்பதற்கு ஒரு பொது வரையறையே கிடையாது. அன்றைக்கும் பத்திரிகைகள் அந்த எண்ணை அப்படியே வாங்கி அச்சிட்டன. ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கும் தங்கள் அட்டவணையில் வெறும் "வாட்" என்றுதான் இருக்கிறது. ஒரே அளவு பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் சென்சிடிவிட்டி. 82 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 88 டெசிபல் உள்ளதன் சத்தத்தை எட்ட நான்கு மடங்கு பவர் வேண்டும். அதைச் சொல்லாமல் வாட்டை மட்டும் அச்சிட்டால் வாங்குகிறவருக்கு என்ன புரியும்?

எங்களுக்கு வலித்தது வேறு இடத்தில். வாரன்டி முடிந்த சூட்டோடு சவுண்ட்பாரில் சத்தம் நின்றது. சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு வராது சார், எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்குங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்திருக்கிற பதில் அதுதான். பிறகு வாங்கிய இன்னொன்றுதான் இப்போது கூடத்தில் இருக்கிறது.

பட்டறைப் பெட்டிக்கும் பழுது வந்தது. நம் ஊர் வெக்கையில் வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் நைந்து, தொட்டால் கறுப்பாக விரலில் ஒட்டியது. செய்தவரிடமே கொண்டுபோனேன். பழைய பசையை பிளேடால் சுரண்டி, புது வளையம் ஒட்டி, பசை காய்வதற்குள் இரண்டு கட்டைவிரலாலும் வூஃபரின் கூம்பை மெல்ல அமுக்கி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) எங்கும் உரசவில்லை என்று காதை வைத்துப் பார்த்தார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். புது சவுண்ட்பாரின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. தங்கள் கட்டுரையில் "ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது அவ்வளவு சுலபமா, ஐயா? பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசே ஓர் இணையதளம் தொடங்கியது. அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த வழிகாட்டியின் அட்டவணையில் மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள்: ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), சென்சிடிவிட்டி, எத்தனை ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்பது. கம்பெனிகள் பதில் தராவிட்டால் "பதில் தரவில்லை" என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.