அரசு தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், பொங்கல், குடியரசு தினம், ஆண்டு விழா நான்கும் வழக்கம்போல நடந்தன. கழிப்பறைக் கதவுகள் மாற்றப்பட்டன. செயற்குழு கூடவேண்டிய மாதங்களில் கூடியது. பாதித் தடவை கோரத்துக்கு (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு) ஆள் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

இனி, சென்ற பொதுக்குழு என் பொறுப்பில் விட்ட வேலை: அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல், அதில் படித்த நம் பள்ளிப் பிள்ளைகளிடம் என்ன விட்டுச் சென்றது என்று விசாரிப்பது. "செயலாளர் சொந்த ஆசைக்குச் சங்கத்துப் பணத்தை இறைக்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடியதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தட்டிலிருந்து அட்டை எடுப்பது, பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைத் தானே பார்ப்பது, முடித்ததைத் தலைக்கு மேல் கட்டிய கம்பிப்பந்தலில் தொங்கவிடுவது என்று வகுப்பறையே மாறியது. சுவரின் அடியில் ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்த கீழ்மட்டக் கரும்பலகை, வெள்ளையடித்த பிறகும் முழங்கால் உயரத்தில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு இப்போது 23 வயது. அந்த நான்கு வருடம் அவர்களிடம் என்ன மிச்சம் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

"மார்க்கைப் பார்த்தால் போதாதா?" என்று தலைவர் அண்ணன் கேட்டார். போதாது. சமச்சீர் கல்வி 2010-இல் வந்தது, இலவச மடிக்கணினி 2011-இல். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? 2010-இல் சேர்ந்தவர்கள் பத்தாம் வகுப்பு வந்தபோது கொரோனாவால் எல்லாருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டார்கள். அந்த மார்க்கை வைத்து எதை அளப்பது? அதனால் அட்டையே பார்க்காமல் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்ட மூத்த செட்டையும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒரே கேள்விகளைக் கேட்பது என்று முடிவானது. வங்கியில் படிவத்தை யார் நிரப்புகிறார்கள், தெரியாத வேலையை யாரிடமும் கேட்காமல் ஆரம்பித்துப் பார்த்ததுண்டா என்பதுபோல.

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை மட்டும் கேட்கலாம் என்றார்கள். குழுவில் இருப்பவர் யார்? வேலை கிடைத்தவர், போட்டோ போடக் கூச்சப்படாதவர். அவர்களைக் கேட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். ஆகவே தலைமையாசிரியை முன்னிலையில் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதி எடுத்தோம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் டிசி வாங்கிப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். அப்படிப் போன ஒருவரின் அம்மா சொன்னார்: "அட்டைய வச்சு வெளயாடுச்சே தவிர ஒரு நாளும் வீட்டுப்பாடம் எழுதல. அதான் மெட்ரிக்ல போட்டோம்." ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, "டீச்சர் சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன் சார், அடுத்த அட்டைய நானே எடுத்துருவேன்" என்றார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்றால் என்னால் ஆகாது.

ஏனென்றால் கொடுத்த கேள்விப் படிவங்கள் முழுதாகத் திரும்பி வரவில்லை. நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் என்று கைதூக்கிப் பொறுப்பேற்றவர்களில் சிலரை அதற்குப்பின் திருமண வீடுகளில்தான் பார்த்தேன். அவர்களின் பெயரை இங்கே படிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். ஆண்டுச் சந்தா 200 ரூபாய் கதையும் இதேதான். "ஜிபே பண்ணிடுறேன்" என்ற சொல்லை வரவில் எழுத முடியாது என்று பொருளாளர் வருத்தப்படுகிறார்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஜெராக்ஸ் செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

தலைமையாசிரியை, சத்துணவு அமைப்பாளர், மைக் செட் தந்தவர், இனிப்பு வழங்கியவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷமே. பெயர்ப்பட்டியல் நோட்டையும் வந்த படிவங்களையும் அன்றே ஒப்படைப்பேன். ஆனால் எடுப்பவர் டிசி வாங்கிப் போனவர்களைத் தேடி வீடு வீடாக ஏறத் தயாராக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், சரி, நானே தொடர்கிறேன். அப்புறம், படிவங்கள் கதவருகே மேசையில் இருக்கின்றன. பேனாவும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்